இருக்கக்கூடாத கதிரைகளுக்குக் காவல்

கதிரை வைச்சிருக்கிற கடையில வேலை செய்யிற ஆளுக்குத்தான் குந்தி இருக்க இடம் கிடையாது. நகைக்கடையில நிக்கிற பிள்ளைகள், புடவைக்கடையில நிண்டு கால் வீங்கின ஆக்கள், எயர்போர்ட்டில பெட்டி வாற பெல்ட்டுக்குப் பக்கத்தில எட்டு மணித்தியாலம் நிக்கிறவை, எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்கோ. உங்களுக்குத்தான் இந்த வருத்தம் விளங்கும்.

நான் எட்டு வருசம் ஒக்லண்டில, ஒனிஹங்காப் பக்கம், ஒரு பழைய கம்பளிக் கிடங்குக்குள்ள இருந்த கடையில வேலை செய்தனான். கடை எண்டால் மேய்க்குக் கோபம் வரும், கேலரி எண்டுதான் சொல்லவேணும். மேய்தான் முதலாளி, சீனாவிலயிருந்து வந்தவ, என்ர வயசுக்காரி. அங்க இப்ப இருக்கிற கலைஞர்கள் களிமண்ணில செய்து சூளையில சுட்ட கதிரை, முக்காலி, நீட்டு வாங்கு, மேசை இதுகளைத்தான் அவ எடுப்பிச்சு வைச்சிருந்தா. பாத்தால் கதிரை, கேட்டால் சிற்பம். அதுகளில ஆரும் ஏறி இருந்திடாமல் பாக்கிறதுதான் என்ர உத்தியோகம். மேயும் நானும் கதைச்சது எங்கட உடைஞ்ச இங்கிலீசில. இஞ்ச எல்லாரையும் தமிழில கதைக்க விட்டிருக்கிறன், குறை நினைக்காதேங்கோ.

பெட்டியில காது வைச்ச கதை

அதுக்கு முதல் நான் மங்கரேயில ஒரு கார்கோ கிடங்கில பொதி கட்டிற வேலை. ஒருநாள் மேய் தன்ர பெட்டி ஒண்டை எடுக்க வந்தா. மரப்பெட்டி, நாலு பக்கமும் சிவப்பு எழுத்தில ‘உடையும்’ எண்டு எழுதிக் கிடக்குது. எல்லாரும் ஃபோர்க்லிஃப்ட் வரட்டும் எண்டு நிக்கினம். நான் பெட்டியை ஒரு சொட்டு ஆட்டி, காதை வைச்சு, உள்ள ஏதும் கிலுங்குதோ எண்டு கேட்டன். ஒரு சத்தமும் இல்லை. "அப்பாடா, முருகா" எண்டு மூச்சு விட்டன். மேய் என்னையே பாத்துக்கொண்டு நிண்டா.

அடுத்த கிழமை ஃபோன் வந்தது, வேலைக்கு வாரீரோ எண்டு. எனக்குச் சிரிப்பு. "எனக்குக் கலையும் தெரியாது கத்தரிக்காயும் தெரியாது, ஊரில நான் கணக்கு ரீச்சர்" எண்டு உள்ளதைச் சொன்னன். மேய் சொன்ன மறுமொழி இது: "கலை தெரிஞ்ச ஆக்கள் என்னட்டைப் போதும். உடைஞ்சிடுமோ எண்டு பயப்பிடுற ஒராள் வேணும்."

செமிசியின்ர செபம்

பெட்டிகளை லொறியில கொண்டு வாறவர் செமிசி. தொங்காத் தீவுக்காரர், நான் முந்தி வேலை செய்த அதே கிடங்கு. ஆள் கதவு மாதிரி, கதைக்கிறது பூனை மாதிரி. ஒவ்வொரு பெட்டியையும் தூக்க முதல் தொப்பியைக் கழட்டுவார், கண்ணை மூடுவார், தங்கட பாசையில செபம் சொல்லுவார். ஆரும் கும்பிடேக்க சும்மா பராக்குப் பாத்துக்கொண்டு நிக்க எங்களுக்கு வராதே. நானும் பெட்டியின்ர மற்றப் பக்கம் கையைக் கூப்பிக்கொண்டு நிப்பன். மேய் மட்டும் மணிக்கூட்டைப் பாப்பா.

ஒருநாள் சரியான மழை. பெட்டி பாதி லொறியில, பாதி பலகையில. செமிசி கண்ணை மூடிக்கொண்டு நனையிறார். மேய்க்குப் பொறுக்கேல்லை: "செமிசி, உள்ள கொண்டு போய் வைச்சிட்டுச் செபிச்சால் கடவுள் கோவிப்பாரோ?" அவர் ஆமென் சொல்லி முடிச்சு, ஆறுதலாத் தொப்பியைப் போட்டார். "மேய், செபம் ஒரு நிமிசம். உடைஞ்சால் நிரப்பிற ஃபோர்ம் பதினாலு பக்கம்."

ஒரே ஒரு கேள்வி

வாற ஆக்கள் எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்வி: இதில இருக்கலாமோ? பேராசிரியரும் அதைத்தான் கேப்பார், பால் வாங்க மூலைக்கடைக்குப் போற வழியில எட்டிப் பாத்தவரும் அதைத்தான் கேப்பார். இருக்கக்கூடாது எண்டால் அடுத்தது, அப்ப ஏன் செய்தவை? அதுக்கு மேய் கால் மணித்தியாலம் விளக்கம் குடுப்பா. நான் "தெரியாது, வடிவா இருக்கெல்லே" எண்டு முடிச்சிடுவன். ரெண்டுக்கும் ஒரே பலன்தான்.

நாயுடு எண்டு ஒரு பில்டர், பிஜியில பிறந்தவர், கூரை ஒழுக்குப் பாக்க வருவார். ஒரு கதிரையைக் கண்டிட்டு ஏணியால இறங்கி வந்தார். மூண்டு கால்தான் நிலத்தில. நாலாவது கால் அரையடி மேல அந்தரத்தில வளைஞ்சு நிக்கும். நாயுடு முழங்காலில நிண்டு ரசமட்டத்தை வைச்சுப் பாத்தார், விரலால அளந்தார், தலையைச் சொறிஞ்சார். "அக்கா, நான் கட்டின மர டெக் நாலு காலிலயும் நேரா நிக்குது, அதுக்குக் கவுன்சில் கையெழுத்து வைக்குதில்லை. இதுக்கு ஆர் கையெழுத்து வைச்சது?"

மெத்தை மாதிரி ஒண்டு

ஒரு வாங்கில நாலு தலையணை கிடந்தது. சுருக்கம், தையல், மூலையில நசிஞ்ச பள்ளம் எல்லாம் அச்சொட்டாத் துணிதான். ஆனால் முழுக்கச் சுட்ட மண். கையெழுத்தில போட்ட ‘தொடவேண்டாம்’ அட்டையை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. மனுசருக்குத் தலையணையைக் கண்டால் குத்திப் பாக்கவேணும், அது பிறவிக் குணம்.

சென்னையிலயிருந்து வந்த ஒரு இளம் சோடி. ரெண்டுபேரும் கம்ப்யூட்டர் வேலை, கண்ணுக்குக் கீழ கறுப்பு. நான் ஓடிப்போக முதல் அந்தப் பிள்ளை ‘அப்பாடா’ எண்டு தலையணையில சாஞ்சிட்டுது. டொக் எண்டு ஒரு சத்தம். மண்ணுக்கு ஒண்டும் இல்லை, பிள்ளையின்ர முழங்கைதான் பாவம். நான் ஐஸ் எடுத்துக்கொண்டு வர, புருசன் மனிசியின்ர கையைத் தடவிக்கொண்டு சிரிக்கிறார். "பரவாயில்லை ஆன்ட்டி. வீட்ல மெத்துமெத்துன்னு சோபா வாங்கிப் போட்டிருக்கோம், அதுல உக்கார எங்க நேரம் இருக்கு? எங்களுக்கு இதுதான் சரி."

சிவமலர் அக்கா வந்து பாத்தது

லின்ஃபீல்டில எங்கட தெருவில இருக்கிற சிவமலர் அக்கா ஒருநாள் என்னைப் பாக்க வந்தா. எனக்கு அப்ப முழங்கால் நோகத் தொடங்கின காலம். பத்து மணிக்குக் கதவு திறந்தால் அஞ்சு மணி வரைக்கும் நிக்கவேணும், ஆக்கள் வரேக்க நாங்கள் இருந்தால் மரியாதை இல்லை எண்டு மேயின்ர சட்டம். பின்னேரம் வீட்டை வந்து எண்ணெய் பூசினால்தான் படி ஏறலாம். மேயை நான் குறை சொல்லேல்லை. அவவும் என்னோட நிண்டவதான். நான் கேட்டதுமில்லை. ரீச்சராயிருந்த ஆள் எப்பிடிப் போய் ஒரு கதிரை தாங்கோ எண்டு கேக்கிறது?

அக்கா கைப்பையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு கடை முழுக்க ஒரு சுத்துச் சுத்தினா. அலை மாதிரி வாங்கு, முட்டைக்கோவா மாதிரி முக்காலி, மூண்டு கால் கதிரை, எல்லாத்தையும் பாத்தா. பேந்து என்ர காலைப் பாத்தா. "இருவது கதிரை கிடக்குது. உனக்கு இருக்க ஒண்டில்லையோடி?"

நான் செய்த விசர் வேலை

ஆயுதபூசைக்குத் தச்சுவேலைக்காரர் மரம் அரியிற வாளுக்குப் பொட்டு வைப்பார், டாக்சி ஓடுறவர் காருக்கு வைப்பார், என்ர மகள் தன்ர லப்டொப்புக்கு வைக்கிறாள். எனக்கு என்ன ஆயுதம்? இந்தக் கதிரைகள்தானே எனக்குச் சோறு போடுறது. அதால முதல் வருசமே தொடங்கிட்டன். அண்டைக்கு மேய் வர முதல் கடையைத் திறந்து, ஒவ்வொண்டின்ரயும் பின்பக்கம், ஆருக்கும் தெரியாத இடத்தில, மோதிரவிரலால சந்தனமும் அதுக்கு மேல குங்குமமும் ஒரு துளி. பின்னேரம் மேய் வெளிக்கிட்டாப் பிறகு ஈரத்துணியால துடைச்சு விடுவன். மேய்க்கு நான் சொல்லேல்லை. ஆறு வருசமா ஒரு துண்டும் உடையேல்லை. அது செமிசியின்ர செபமோ என்ர பொட்டோ எண்டு கடவுளுக்குத்தான் தெரியும்.

ஏழாவது வருசம் யூனின்ர வெள்ளைக் கதிரை வந்தது. யூன் தென்சீனாவில ஒரு பீங்கான் பட்டினத்தில வேலை செய்யிற பெண், முப்பது வயசிருக்கும். எட்டு மாசம், ஒரு ஆயுதமும் இல்லாமல், பெருவிரலால அமத்தி அமத்திச் செய்த கதிரை. காலிலயிருந்து முதுகு வரைக்கும் அவவின்ர விரலடையாளம்தான். தென் தீவில ஒரு அருங்காட்சியகத்து ஆக்கள் வெள்ளிக்கிழமை வந்து பாத்து எடுக்கிறதாப் பேச்சு. பிறநாட்டு அருங்காட்சியகம் ஒண்டுக்குள்ள யூனின்ர வேலை போறது அதுதான் முதல்தரம். பூசை வந்தது புதன்கிழமை. நான் வழக்கம்போலப் பொட்டு வைச்சன்.

முந்தி வந்ததுகளுக்கெல்லாம் கண்ணாடி மாதிரி மேல்பூச்சு இருந்தது, சாப்பாட்டுப் பீங்கான் மாதிரித் துடைச்சால் போயிடும். இதுக்கு மேல்பூச்சு இல்லை. சுட்ட மண் சுட்டபடி. பின்னேரம் துடைக்க, பொட்டு வெளியில வராமல் உள்ள போகுது. ஈரத்துணியால தேய்ச்சன், ரெண்டு டொலர்க் காசளவுக்குப் பரவிச்சுது. பதட்டத்தில கோப்பை கழுவுற சவர்க்காரத்தைப் போட்டன். சந்தனத்தில மஞ்சள் கலந்திருந்திருக்கு, சவர்க்காரம் பட்டோடன செக்கச்செவேலெண்டு ஆச்சுது. ஐயோ, நான் முழங்காலில நிண்டு, கண்ணீர் ஓட ஓடத் தேய்க்கிறன். அந்த நேரம் பாத்து, அடிக்கடி வாற ஒரு வெள்ளைக்கார அம்மா கதவைத் திறந்து என்னைக் கண்டிட்டு நெஞ்சில கை வைச்சா. "இவ்வளவு பக்தியோட வேலை செய்யிற ஆளை நான் இந்த நாட்டில காணேல்லை."

மிளகாய்த்தூள்

அடுத்தநாள் காலமை பஸ்ஸில வரேக்க சொல்லப்போற வசனத்தை மனசுக்குள்ள பாடமாக்கிக்கொண்டு வந்தன். உள்ள வந்தால் மேய் எனக்கு முதலே வந்து கறையைக் கண்டிட்டா. கார்கோ கிடங்குக்கு ஃபோன் போட்டுச் சத்தம் போடுறா: "லொறியில என்ன ஏத்தினனீங்கள், மிளகாய்த்தூளோ? ஆர் ஓடினது? செமிசியோ?"

அவரின்ர பெயர் காதில விழுந்தோடன நான் வாசலிலயே நிண்டிட்டன். உண்மையைச் சொன்னால் என்ர வேலை போகும், எங்கட வீட்டு மோர்கேஜ் கடன் என்ர மனுசனும் நானும் எடுக்கிற சம்பளத்தில ஓடுறது. நான் வாய் திறக்காட்டி ஒருத்தரும் என்னைக் கேக்கப்போறதில்லை. ஆனால் ஒரு நிமிசம் கண்ணை மூடி மழையில நனையிற மனுசனல்லோ மாட்டுப்படப்போகுது? நான் போய் மேயின்ர கையிலிருந்த ஃபோனைப் பிடிச்சன். "வையும் மேய். அது செமிசி இல்லை, நான்தான்" எண்டன். பாடமாக்கின வசனம் ஒண்டும் வரேல்லை. சந்தனம், குங்குமம், ஆறு வருசம், சவர்க்காரம் எல்லாத்தையும் உளறிக் கொட்டினன்.

மேய் ஃபோனை வைச்சிட்டா. எழும்பிப் போய் ஒவ்வொரு கதிரையின்ர பின்பக்கமும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தா. எல்லாத்தையும் பாத்து முடிச்சு, கிடங்குக்குத் திரும்ப ஃபோன் எடுத்து, தன்ர பிழை எண்டு சொல்லி மன்னிப்புக் கேட்டா. பிறகு என்னைப் பாத்தா. அவவின்ர குரல் அவ்வளவு தாழ்ந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. "யூனுக்கு நான் சொல்லமாட்டன், சாந்தி. நீர்தான் சொல்லவேணும்."

யூன் கேட்ட கேள்வி

வீடியோவில யூன் வந்தா. கையெல்லாம் காய்ஞ்ச களிமண். நான் சொல்ல, மேய் சீன மொழியில சொல்லிக்கொண்டு வந்தா. ஃபோனைக் கறைக்குக் கிட்டப் பிடிச்சன். யூன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டு வந்து பாத்தா. பேந்து எந்த விரலால வைச்சது எண்டு கேட்டா. மோதிரவிரலைக் காட்டினன். என்னத்துக்கு எண்டு கேட்டா. "உடையக்கூடாது எண்டு" எண்டன். அடுத்ததாக் கேட்டா: "கழுவினது ஆர்?" "அதுவும் நான்தான்." அதுக்குப் பிறகு அவ விடாமல் ஒரு பாட்டம் கதைச்சா. மேய் அதில பாதியைத்தான் எனக்குச் சொன்னா. மிச்சப் பாதி என்னெண்டு யூனின்ர முகத்திலயே விளங்கினது.

வெள்ளிக்கிழமை வந்த ஆக்கள் கறையைப் பாத்து, இது வேண்டாம், புதுசா ஒண்டு செய்தால் பொறுத்திருந்து எடுக்கிறம் எண்டிட்டுப் போயிட்டினம். யூனும் அதுக்கு ஓம் எண்டு ஒத்துக்கொண்டா. எனக்கு அது ஆறுதலாத் தெரியேல்லை. ஒரு பிள்ளையின்ர எட்டு மாசப் பெருவிரல் வேலையை நான் ஒரு சவர்க்காரத் துணியால கெடுத்துப்போட்டன். அண்டைக்கே மேயிட்டை, நான் வேலையை விடட்டோ எண்டு கேட்டன். கதிரையைத் திருப்பி அனுப்பிற செலவை என்ர சம்பளத்தில கழியுங்கோ எண்டும் சொன்னன். மேய் தன்ர ஃபோனில யூன் அனுப்பியிருந்ததை எனக்கு வாசிச்சுக் காட்டினா: "அனுப்பவேண்டாம். எங்கட பட்டறையில பிழையாப்போன கதிரையை விக்கிறதுமில்லை, உடைக்கிறதுமில்லை. வேலை செய்யிற ஆக்கள் அதில இருப்பினம்."

இருந்தன்

வெள்ளைக் கதிரையை நாங்கள் ரெண்டுபேருமாத் தூக்கிக் கல்லாவுக்குப் பின்னால வைச்சம். மேய் "இரும்" எண்டா. எனக்கு ஏலாமல் போச்சுது. ஆக்களை இருக்காதேங்கோ எண்டு சொல்லியே பழகின உடம்பு, வளைஞ்சு குடுக்குதில்லை. முதல் கையை ஊண்டிப் பாத்தன், பேந்து அரைவாசி இருந்தன், பேந்து முழுக்க இருந்தன். ஏழு வருசத்தில முதல்தரம். முதுகில யூனின்ர விரல் பள்ளங்கள் ஒவ்வொண்டாப் பட்டுது. சில்லெண்டிருந்தது. எனக்கு அழுகை வந்திட்டுது, மறைக்கேல்லை.

பிறகு வந்த ஒரு வருசம் நல்ல வருசம். கதவு திறக்க வாற ஆக்கள் என்னைப் பாப்பினம், நான் இருந்தபடியே "இருக்காதேங்கோ" எண்டு சொல்லுவன். அதைக் கண்டிட்டு செமிசி ஒருநாள் தொப்பியைக் கழட்டினார். "பெட்டி இல்லையே, என்னத்துக்குச் செபம்?" எண்டு கேட்டன். "உனக்குத்தான். அந்தக் கதிரைக்கு ஃபோர்ம் இல்லை, விழுந்தால் நேரா ஆஸ்பத்திரி."

கடைசி நாள்

கிடங்கின்ர வாடகை ஒப்பந்தம் முடிய, மேய் இனிப் போதும், மகளிட்டை மெல்பேர்ன் போறன் எண்டா. எல்லாத்தையும் பொதி பண்ணினம். நான் ஒவ்வொரு பெட்டியிலயும் காதை வைச்சன், செமிசி ஒவ்வொண்டுக்கும் செபிச்சார், மேய் அண்டைக்கு மணிக்கூட்டைப் பாக்கேல்லை. எங்களுக்குப் பக்கத்தில கண்ணை மூடிக்கொண்டு நிண்டா. நாங்கள் திறந்தாப் பிறகும் அவ திறக்கேல்லை. இப்ப அந்த இடம் ஜிம். நான் ஏழு வருசம் சும்மா நிண்ட இடத்தில ஆக்கள் காசு குடுத்து ஓடுகினம்.

கடைசியா மிஞ்சினது வெள்ளைக் கதிரை. மேய் அதில ஒரு அட்டை கட்டியிருந்தா, கேலரியில போடுற மாதிரியே. கலைஞரின்ர பெயர் யூன். அதுக்குக் கீழ என்ர பெயர். செய்த பொருள்: வெண்களி, சந்தனம், குங்குமம். ‘தொடவேண்டாம்’ எண்டு வழக்கமா எழுதுற இடத்தில ‘இருக்கவும்’ எண்டு போட்டிருந்தது. யூனிட்டைக் கேட்டுத்தான் எழுதினதாம். நான் அதை வாசிச்சுக்கொண்டு நிக்க, மேய் என்ர கையைப் பிடிச்சா. "கதிரைக்கு நடுவில ஏழு வருசம் உம்மை நிக்க வைச்சனான், சாந்தி. கதிரையைப் பற்றி நான் எல்லாருக்கும் கால் மணித்தியாலம் விளக்கம் குடுத்தனான், எனக்குத்தான் விளங்கேல்லை."

கதிரை இப்ப லின்ஃபீல்டில எங்கட முன் ஹோலில, வருசா வருசம் அதே இடத்தில ஒரு பொட்டோட, அதில என்ர மனுசன் வசதியாச் சாஞ்சிருந்து கிரிக்கெட் பாக்கிறார், நான் பக்கத்தில நிண்டுகொண்டு தேத்தண்ணி குடிக்கிறன்.